மாஸ்டர் பீஸுக்கு வைத்த பொட்டு

எனக்கு எழுபத்தொரு வயது. ஆறு பேரை வளர்த்தேன். நான்கு பேர் என் வயிற்றில் பிறந்தவர்கள், இரண்டு பேர் என் நாத்தனார் விட்டுவிட்டுப் போனவர்கள். ஆறு பேருக்கும் ஒரே சோறு, ஒரே அடி. அதில் ஐந்து பேர் இன்று என்னோடு பேசுகிறார்கள். பேசாத ஒருத்தி என் கடைசிப் பெண். அவளை வேலையை விட்டு அனுப்பியபோது கம்பெனி கொடுத்த கடிதத்தில் "கவனக்குறைவு" என்று ஒரு வார்த்தை போட்டிருந்தார்கள். அந்த வார்த்தை அவளுக்குரியது இல்லை. யாருக்குரியது என்று எனக்குத் தெரியும். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டிப் படிப்பேன். எழுதுவது அதைவிட மெதுவாக நடக்கும். ஒரு பக்கத்துக்கு ஒரு காலைப்பொழுது ஆகிறது. காய்கறி வண்டி வந்தால் நோட்டை மூடுகிறேன், போனதும் திறக்கிறேன். யாரையும் எழுதித் தரச் சொல்லிக் கேட்கவில்லை. கேட்டால் நயமாக எழுதிக் கொடுப்பார்கள். எனக்கு நயம் வேண்டாம்.

மேனாம்பேட்டிலிருந்து கம்பெனிகள் இருக்கிற எஸ்டேட்டுக்கு நடந்தே போய்விடலாம். என் வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு நான் முதலில் சேர்ந்தது அங்கே ஒரு மோட்டார் பட்டறையில், கம்பிச் சுருள், அதாவது காயில், சுற்றும் வேலைக்கு. செம்புக் கம்பி தலைமுடியைவிடச் சற்றே கனமாக இருக்கும். வெடுக்கென்று இழுத்தால் அறும், தொளதொளவென்று விட்டால் சிக்கும். ஒன்பது வருஷம் சுற்றினேன். பட்டறையை மூடினார்கள். இரண்டு தெரு தள்ளி ஒரு புதுக் கம்பெனியில் பெருக்கித் துடைக்கச் சேர்ந்தேன். வெளியிலிருந்து பார்த்தால் ஊறுகாய்க் கம்பெனி மாதிரி இருக்கும். உள்ளே போனால் செருப்பை மாற்றி, தலைக்குக் குல்லாய் மாட்டி, ஏசியில் கைகால் விறைத்துப்போய் நிற்க வேண்டும்.

ஒரு நாள் அந்த அறையின் தரையில் கண்ணாடி நாரின் துணுக்குகள் சிதறிக் கிடந்தன. துடைப்பத்தால் தள்ளினால் யார் காலிலாவது ஏறும், ஏறினால் வெளியே எடுக்க முடியாது. நான் விரலில் ஒட்டும் டேப்பைச் சுற்றிக்கொண்டு ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தேன். இஞ்சினியர் பின்னால் நின்று பார்த்திருக்கிறார்.

"இப்படி எடுக்கணும்னு யாரும்மா சொல்லிக் குடுத்தது?"

"யாரு சார் சொல்லணும்? குத்தும்னு தெரியுது, எடுக்குறேன்."

மறுவாரம் என்னை மேசையில் உட்கார வைத்தார். பெருக்குகிற வேலைக்கு வேறு ஆள் வந்தாள். சோதனை மேசையில் பதினாறு வருஷம் இருந்தேன்.

என்ன சோதனை என்று சொன்னால்தான் மற்றது விளங்கும். போனில் பேசுவது, படம் பார்ப்பது எல்லாம் கண்ணாடி நாருக்குள் வெளிச்சமாகத்தான் போகிறது. ஒரே நாரில் பல நிற வெளிச்சம், ஒவ்வொரு நிறத்திலும் ஒரு சேதி. அந்தக் கூட்டத்திலிருந்து ஒரே ஒரு நிறத்தை மட்டும் பிடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றால், நாரில் ஒரு விரலகலத்துக்குள் லேசரால் கோடு கோடாக எழுதுவார்கள். அந்தக் கோடுகளை எந்தக் கண்ணாலும் பார்க்க முடியாது. அதற்குப் பெயர் கிரேட்டிங். எழுதிய நாரை எங்களிடம் கொண்டுவருவார்கள். ஒரு முனையில் வெளிச்சத்தை விட்டு, மறுமுனையை மிஷினில் மாட்டுவோம். திரையில் ஒரு கோடு மட்டமாக வரும். ஓர் இடத்தில் கிணறு மாதிரிச் செங்குத்தாக இறங்கி, மறுபடி ஏறி, மட்டமாகப் போகும். அதை நாங்கள் பள்ளம் என்போம். பிடிபட்ட நிறத்தின் இடம்தான் அந்தப் பள்ளம். அது எந்த எண்ணில் நிற்கிறது, எவ்வளவு ஆழம், கரை வழவழப்பாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் சோதனை.

எழுத்து வராதே தவிர எண் எனக்கு நன்றாக வரும். புள்ளிக்குப் பின்னால் வரும் மூன்றாவது எண்ணைக்கூட நான் விட்டதில்லை. ஆனால் எண்ணைப் படிப்பது பெரிய விஷயமில்லை. காத்திருப்பதுதான் விஷயம். அந்த நாருக்கு மனிதர்களைவிட ரோஷம் அதிகம். விரல் சூடு பட்டால் பள்ளம் வலப்பக்கம் நகரும். ஒரு இழுப்பு இழுத்தால் நகரும். கையை எடுத்தால் தன் இடத்துக்குத் திரும்பிவரும், ஆனால் அதற்கு நேரம் வேண்டும். டிப்ளமா படித்துவிட்டு வந்த பிள்ளைகள் மாட்டியதும் எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்ததை எடுப்பார்கள். நான் மாட்டிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொள்வேன். ஒரு தரம் பார்ப்பேன். கண்ணை வேறு பக்கம் திருப்பிவிட்டு இன்னொரு தரம் பார்ப்பேன். இரண்டு தரமும் பள்ளம் ஒரே இடத்தில் நின்றால்தான் எண் சொல்வேன். நான் சரி என்று சொன்ன பீஸ் ஒன்றுகூட அதுவரை திரும்பி வந்ததில்லை. இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். பெருமைப்பட எனக்கு வேறு என்ன இருந்தது?

என் கடைசிப் பெண் டிப்ளமா முடித்ததும் இஞ்சினியரிடம் நானே கேட்டு, என் பக்கத்து நாற்காலியில் அவளை உட்கார வைத்தேன். நான் எண்ணைச் சொல்வேன், அவள் எழுதிக் கையெழுத்துப் போடுவாள். அவள் கல்யாணமாகி ஐயப்பன்தாங்கலுக்குப் போன பிறகும் அப்படித்தான் நடந்தது. தினமும் பஸ் ஏறி வருவாள். மாப்பிள்ளைக்கு டெப்போவில் வேலை. அவள் கெட்டிக்காரி. ஒருமுறை சொன்னால் போதும். கொஞ்ச நாளில் சோதனைப் பகுதிக்கே அவளைப் பொறுப்பாகப் போடப்போவதாகப் பேச்சு இருந்தது. என்னைக் கேலி செய்வாள்.

"இன்னாம்மா, பள்ளம் எழுந்து வந்து உன்கிட்ட சொல்லணுமா? சீக்கிரம் நம்பர சொல்லு, லஞ்சுக்கு மணி அடிச்சிட்டான்."

"அடிச்சா அடிக்கட்டும். அது இன்னும் நடந்துகினு கீது. நிக்கட்டும்."

"அது நிக்கறதுக்குள்ள என் கொயந்த காலேஜே முடிச்சிடும்."

பக்கத்து மேசைக்காரி சிரிப்பாள். பூந்தமல்லிக்காரி, துலுக்க வீட்டுப் பெண். நாரின் முனையைச் சுத்தம் செய்கிற வேலை அவளுக்கு. அவளைப் பற்றிப் பின்னால் வரும்.

இப்போது மாஸ்டர் பீஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். சோதிக்கிற மிஷினே சரியாக இருக்கிறதா என்று யார் சோதிப்பது? அதற்கென்று ஒரு கிரேட்டிங் வைத்திருந்தார்கள். சிகரெட் பெட்டி அளவில் ஓர் இரும்புப் பெட்டி, உள்ளே ஒரு தகடு, தகட்டில் வாய்க்கால் மாதிரி மெல்லிய கீறல், அதில் நார் எதிலும் ஒட்டாமல் சும்மா படுத்திருக்கும். மேலே மூடி, மூடிக்கு நான்கு சின்ன ஸ்குரூ. பெட்டியின் மேல் அதன் எண் ஒட்டியிருக்கும். தினமும் காலையில் முதல் வேலை அதை மாட்டிப் பார்ப்பது. ஒட்டியிருக்கிற எண்ணிலேயே பள்ளம் நின்றால் மிஷின் சரி. ஊரில் எந்த மூலையில் எந்தப் பீஸ் ஓடினாலும் அதற்கு இந்தப் பெட்டிதான் சாட்சி. அதைத் திறக்கக் கூடாது. திறக்கிற ஸ்குரூ டிரைவர் எங்கள் டிராயரில் இருந்தது. டிராயர் சாவி எனக்கும் என் பெண்ணுக்கும்தான்.

ஆயுத பூஜைக்கு எங்கள் கம்பெனியில் குறைவிருக்காது. வாசலில் பூசணிக்காய், உள்ளே பொரி, வாழைக்கன்று. லேசர் அறைக்குள் யாரையும் விடமாட்டார்கள், கதவுக்கு மட்டும் பொட்டு. மற்ற மிஷின்களுக்கெல்லாம் பெண்கள் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். திரையில் வைக்கக் கூடாது, உடம்பில் வைக்கலாம் என்று இஞ்சினியர் சொல்லியிருந்தார்.

நான் மேசைக்கு வந்த முதல் வருஷம் சந்தனக் கிண்ணத்துக்குக் கை நீட்டினேன். கேன்டீன்காரி கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "நீ இருக்கா, சின்னவளுங்க வைக்கட்டும்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் திருப்பிச் சொல்லியிருப்பேன். பாசமாகச் சொன்னாள். வீட்டுக்காரர் இல்லாதவள் மங்கலப் பொருளைத் தொடக் கூடாது என்பதை இதைவிடப் பக்குவமாக யாரும் சொல்ல முடியாது. பதினோரு மாசம் இருபத்தொன்பது நாள் அந்த மிஷினை என் கைதான் தொட்டது. ஒரு நாள் மட்டும் என் கை ஆகாது. அதற்குப் பிறகு வருஷா வருஷம் நானே ஒதுங்கிச் சுவரோரம் நின்றுகொள்வேன். யாரும் ஒதுங்கச் சொல்வதற்கு முன்னால் ஒதுங்கிவிட்டால் மரியாதை மிஞ்சும் அல்லவா?

பதின்மூன்றாம் வருஷம் கிண்ணத்தை என் பெண் கையில் கொடுத்தார்கள். எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. பட்டுப் புடவையில் ஒவ்வொரு மிஷினாகப் பொட்டு வைத்துக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்தாள். பெற்றவளிடம் கிண்ணத்தை நீட்டப்போகிறாள் என்கிற மாதிரி என் கை தானாக நீண்டது. அவள் என் காதோரம் குனிந்தாள்.

"அம்மா, எல்லாரும் பாத்துகினு கீறாங்க."

அவ்வளவுதான் சொன்னாள். மிஷினுக்கு அவளே பொட்டு வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டாள். கேன்டீன்காரி சொன்னதை நான் செரித்துக்கொண்டேன். இதைச் செரிக்க முடியவில்லை.

பூசணிக்காய் உடைக்க எல்லாரும் வாசலுக்குப் போனார்கள். கிண்ணம் மேசையிலேயே இருந்தது. பன்னீர் ஊற்றிக் குழைத்த சந்தனம், தண்ணியாக இருந்தது. நான் உள்ளேயே நின்றேன். மிஷினுக்கு இன்னொரு பொட்டு வைக்கலாம், ஆனால் யார் வைத்தது என்று கேட்பார்கள். மாஸ்டர் பெட்டியின் மூடி மேல் வைத்தாலும் தெரியும். வெளியே தெரியாத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. டிராயரைத் திறந்தேன். நான்கு ஸ்குரூவையும் கழற்றினேன். மூடியை எடுத்து, நாரில் படாமல், தகட்டில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, நிலைப்படிக்கு வைப்பது மாதிரி இரண்டு சந்தனப் பொட்டு வைத்தேன். ஒவ்வொன்றின் மேலும் குங்குமம் தொட்டேன். மூடியை முடுக்கினேன். கையைக் குல்லாயில் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்ப் பொரி வாங்கிக்கொண்டேன்.

இதுதான் நடந்தது. நான் வைத்தேன். அவள் இல்லை.

நான்கு நாள் லீவு. திரும்பி வந்து மாட்டிப் பார்த்தால் மாஸ்டரின் பள்ளம் தன் எண்ணில் இல்லை, வலப்பக்கம் தள்ளி நிற்கிறது. கையை மடியில் வைத்துக்கொண்டு வழக்கத்தைவிட அதிக நேரம் காத்திருந்தேன். நகரவில்லை. என் பெண் இஞ்சினியரைக் கூப்பிட்டாள்.

"சார், மாஸ்டர் தள்ளி நிக்குது" என்றேன்.

"நாலு நாள் ஏசி இல்லாம கெடந்திருக்கும்மா. மிஷின்தான் நகர்ந்திருக்கும். மாஸ்டர் எப்படி நகரும்?"

அவர் சொன்னதும் நியாயம்தான். மாஸ்டர் நகராது என்பதுதானே எல்லாருடைய நம்பிக்கையும். மாஸ்டரின் எண்ணுக்குச் சரியாக வருகிற மாதிரி மிஷினைத் திருத்திவிட்டுப் போனார். என் பெண் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அந்தப் பெட்டிக்குள் இருப்பது அந்த நேரத்தில் எனக்கு நினைவுக்கு வந்ததா? வந்தது. பொட்டு தகட்டில்தானே இருக்கிறது, நாரில் படவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சந்தனம் தண்ணியாக இருந்ததையும், அது வழிந்து நாருக்கு அடியில் போய், காய்ந்து இறுகும்போது இரண்டு பக்கமும் பிடித்து இழுக்கும் என்பதையும் யோசிக்கவில்லை. யோசிக்க மறுத்தேன் என்பதுதான் சரி. காயில் சுற்றியவளுக்குத் தெரியாதா, எது இழுக்கும் எது விடும் என்று? திறந்து பார்த்திருக்கலாம். ஆனால் பக்கத்திலேயே அவள் இருந்தாள். அவள் முன்னால் அதைத் திறந்து, அந்தப் பொட்டை அவள் பார்த்து, அதே குரலில் இன்னொரு வார்த்தை சொல்வதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

மிஷின் தப்பாக அளந்தது. அந்த வாரம் நல்ல பீஸ்களெல்லாம் சரியில்லை என்று வந்தன. லேசர் அறைக்காரர்களுக்குத் திட்டு விழுந்தது. அவர்கள் எழுதும்போது நாரை இழுத்துப் பிடிக்கிற எடையை மாற்றி, எங்கள் மிஷினுக்குப் பிடித்த எண் வருகிற மாதிரி எழுதினார்கள். அதற்குப் பிறகு எல்லாம் அழகாக வந்தது. நான் இரண்டு தரம் பார்த்து, நின்ற பிறகுதான் எண் சொன்னேன். என் பெண் எழுதினாள். தப்பான எண்ணைப் பொறுமையாகக் காத்திருந்து சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாசம் கழித்து பீஸ்கள் அட்டைப் பெட்டி அட்டைப் பெட்டியாகத் திரும்பி வந்தன. பிடிக்க வேண்டிய நிறத்தை விட்டுவிட்டுப் பக்கத்து நிறத்தைப் பிடிக்கிறது என்று வாங்கினவர்கள் எழுதியிருந்தார்கள். தலைமை ஆபீஸிலிருந்து ஒரு அம்மா வந்தார். முடி நரைத்தவர், கைக்கடிகாரம் தவிர நகை எதுவும் இல்லை. லேசர் அறை, எழுதிய நாரைச் சூடுபடுத்துகிற அடுப்பு, மிஷின் என்று இரண்டு நாள் பார்த்தார். லீவு முடிந்து இஞ்சினியர் மிஷினில் செய்த திருத்தத்தை நீக்கிப் பழையபடி வைத்தார். மூன்றாம் நாள் எங்கள் மேசைக்கு வந்து, மாஸ்டர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். ஸ்குரூ டிரைவரை எடுத்துக் கொடுத்தது நான்தான்.

நாரை மிஷினில் மாட்டியபடியே, பெரிதாக்கிக் காட்டுகிற கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். அதை அப்படியே திரையில் போட்டார். மஞ்சளாக ஏடு கட்டி, வெடித்து, நாரை இரண்டு இடத்தில் கவ்விக்கொண்டிருந்தது. நடுவில் சிவப்புப் பொடி. எல்லாரும் சுற்றி நின்றோம். அவர் சீசாவிலிருந்து ஸ்பிரிட்டை ஒரு சொட்டு விட்டு, பஞ்சால் மெதுவாகத் துடைத்தார். மிஷின் திரையில் பள்ளம் நடக்க ஆரம்பித்தது. இடப்பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாக வந்து, பெட்டியின் மேல் ஒட்டியிருந்த எண்ணிலேயே மறுபடி போய் நின்றது. மேசையில் இருந்த பதினாறு வருஷத்திலும் அவ்வளவு ஒழுங்காக நின்ற வேறு பள்ளத்தை நான் பார்த்ததில்லை.

"பூஜையன்னைக்குச் சந்தனக் கிண்ணம் யார்கிட்ட இருந்தது?" என்று கேட்டார்.

எல்லார் கண்ணும் என் பெண் பக்கம் போனது.

"என்கிட்டதான் மேடம் இருந்துச்சு. மிஷினுக்கு மட்டும்தான் வச்சேன். இத்த நான் தெறக்கவே இல்ல."

"சாவி?"

"என்கிட்டயும் எங்கம்மாகிட்டயும்."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள், டீ கொண்டுவந்து நின்ற கேன்டீன்காரி முந்திக்கொண்டாள்.

"அவங்க புருஷன் தவறிப்போனவங்க மேடம். சந்தனம் குங்குமத்த தொடவே மாட்டாங்க. பூஜையன்னிக்கு ஓரமா நின்னுக்குவாங்க, பாவம்."

எல்லாரும் தலையாட்டினார்கள். இஞ்சினியரும் ஆட்டினார். என்னை ஒதுக்கி வைத்ததே எனக்குச் சாட்சியாக வந்து நின்றது. அந்தச் சாட்சிக்கு முன்னால் என் பெண்ணின் பேச்சு எடுபடவில்லை. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பொட்டு வைத்தது நான் என்று அவள் நினைத்துப் பார்க்கவில்லை, அது எனக்குத் தெரியும். "இவ அப்படி செய்யறவ இல்ல" என்று ஒரு வார்த்தை சொல்வேன் என்றுதான் பார்த்தாள்.

நான் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சொன்னால் என்ன ஆகியிருக்கும்? என்னை அனுப்பியிருப்பார்கள். எனக்கு அறுபது வயது, போனால் போகட்டும். அதற்குப் பயப்படவில்லை. தாலி இல்லாதவள் ஒளிந்து ஒளிந்து மிஷினுக்குப் பொட்டு வைத்தாள் என்று எஸ்டேட் முழுக்கச் சிரிக்கும். அதற்குப் பயந்தேன். இன்னொன்றும் இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். "எல்லாரும் பாத்துகினு கீறாங்க" என்றாளே, அது எனக்கு அப்போதும் செரித்திருக்கவில்லை. இப்போது உன்னையும் எல்லாரும் பார்க்கிறார்கள், பார் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஒரே ஒரு நிமிஷம். அந்த நிமிஷத்துக்குள் அந்த அம்மா எழுந்து போய்விட்டார்.

அன்று சாயங்காலமே அவளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கையில் அந்தக் கடிதம். பஸ் ஸ்டாப் வரைக்கும் சேர்ந்து நடந்தோம்.

"நான் தெறக்கலம்மா."

"தெரியும்."

"தெரியுமா? தெரிஞ்சிகினா வாய மூடிகினு நின்ன?"

பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தேன்.

"ஊர்ல யாரு சொல்லாட்டியும் நீ சொல்லுவன்னு பாத்தேன். பள்ளம் நிக்கற வரிக்கும் காத்துகினு கீறியே, பெத்த பொண்ணு மேல பழி போட்டப்போ ஒரு நிமிசம் எனக்காவ நின்னியா?"

பஸ் வந்தது. ஏறினாள். ஜன்னல் ஓரம் இடம் இருந்தும் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது.

கண்ணாடி நார் வேலை செய்கிற கம்பெனிகள் இந்தப் பக்கம் விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டு ஒருத்தரும் அவளை எடுக்கவில்லை. பூந்தமல்லி ரோட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டை மடித்துப் பெட்டியில் அடுக்குகிறாள். பத்து வருஷமாக அதே வேலை. சட்டை மடிப்பதைக் குறைவாகச் சொல்லவில்லை. அவள் கைக்கும் கண்ணுக்கும் அது வேலை இல்லை.

நான் மட்டும் மேசையில் தொடர்ந்தேன். என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள், பெண்ணின் தப்பைத் தாங்கிக்கொண்டு உழைக்கிறாளே என்று. அந்தப் பரிதாபத்தை மூன்று வருஷம் தின்றேன். எண்ணை எழுத வேறொரு பிள்ளை வந்தது. மாஸ்டர் பெட்டிக்கு அரக்கு வைத்து ஒட்டிவிட்டார்கள். அடுத்த ஆயுத பூஜையிலிருந்து அந்த அறைக்குள்ளேயே சந்தனம் வரக் கூடாது என்று எழுதிப் போட்டார்கள். யாருமே வைக்கக் கூடாது. அந்தத் தாளை ஒட்டிய அன்றைக்கு, ஒரு வருஷம் முன்னால் ஒட்டியிருக்கக் கூடாதா என்று அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பூந்தமல்லிக்காரியைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். அவள் வேலையை விட்டுப் போகிற நாளில் பிரியாணி செய்து கொண்டுவந்தாள். எனக்குப் போட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டா? பூஜையன்னிக்கு நானும் வாசலுக்குப் போவல. சிங்க் பக்கம் நின்னு கை கழுவிகினு இருந்தேன்."

கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்தேன்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்புறம் ஏன்டி அந்த மேடம்கிட்ட சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்க்கா. ஒரு தாய்க்கு முன்னாடி நான் இன்னாத்த சொல்றது? அன்னிக்கு சொல்லல. நாளிக்கு சொல்லுவாங்கன்னு பாத்தேன். ஒரு வருசம் ஆயிடுச்சி."

அவள் என்னைத் திட்டவில்லை. சாப்பிடுங்கள், ஆறுது என்றாள். நான் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

நான் வேலையை முடித்துக்கொண்ட நாளில் சால்வை போட்டார்கள். பதினாறு வருஷத்தில் இந்த அம்மா கையில் ஒரு தப்புகூட நடந்ததில்லை என்று இஞ்சினியர் மைக்கில் பேசினார். கை தட்டினார்கள். கும்பிட்டுவிட்டு வந்தேன். அந்தச் சால்வையை இன்று வரை பிரிக்கவில்லை, பிளாஸ்டிக் உறையோடு பீரோவில் கிடக்கிறது.

அவளுடைய பெண் பத்தாம் வகுப்பு படிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இங்கே வரும். அவள் அம்மா தெருமுனை வரைக்கும் கொண்டுவந்து விடுவாள், அஞ்சு மணிக்கு அதே முனைக்கு வந்து அழைத்துக்கொண்டு போவாள். முனையைத் தாண்டி ஓர் அடி வைத்ததில்லை. நான் மாடியிலிருந்து பார்ப்பேன், துணி காயப்போடுகிற மாதிரி. அவளுக்கும் நரைத்துவிட்டது.

போன மாசம் அந்தக் குழந்தை என்னைக் கேட்டது. "ஆயா, அம்மா கம்பெனில இன்னாவோ தப்பு பண்ணிட்டாங்களாமே. அப்பா சண்ட போட்டா அத்தயே சொல்றாரு. இன்னா தப்பு?" என்று. அன்றைக்குத்தான் இந்த நோட்டை வாங்கினேன். மாப்பிள்ளை வாயில் அந்த வார்த்தை இன்னும் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பத்து வருஷத்தில் உதிர்ந்திருக்கும் என்று நினைத்தேன்.

மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. அது எனக்கு வராது, வந்தாலும் அவள் வாங்கிக்கொள்ள மாட்டாள், அவளும் என் பெண்தான். கிண்ணத்தை அவள் எனக்குத் தரவில்லை என்கிற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. அதையும் மறைக்கவில்லை. ஆனால் பெட்டியைத் திறந்தது யார் என்பது வேறு விஷயம். அது அவளுக்குத் தெரிய வேண்டும், அவள் வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டும், இந்தக் குழந்தைக்கும் தெரிய வேண்டும். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. குழந்தை கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. கை கழுவிக்கொண்டு வந்ததும் நோட்டைக் கையில் கொடுத்துச் சொல்லப்போகிறேன்: கண்ணு, இத்த மொதல்லேருந்து சத்தமா படி. எழுத்து தப்பா இருந்தா இருக்கட்டும், நிறுத்தாத, அழுவாத. ஸ்குரூவ கழட்டுன எடம் வரும்போது மட்டும் மெதுவா படி, அத்த சரியா எழுதிகீறனான்னு நான் கேக்கணும். அஞ்சு மணிக்கு உங்கம்மா முனைக்கு வந்துடுவா. நோட்ட அவகிட்ட குடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு தரம் கேட்டுக்குறேன்.